ஏஎஸ்/400-ல் ஃபைல் லாக் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வாடிக்கையாளர்களின் ஏஎஸ்/400-ஐ (கம்பெனிகளின் ஆர்டர், இன்வாய்ஸ் மாதிரி வேலைகளை ஓட்டும் ஐபிஎம் கம்ப்யூட்டர்) பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. புதிதாக வந்து சேரும் பிள்ளைகள் ஆளுக்கொரு நாள், ஆனால் ஃபைல் லாக் பற்றிய ஒரே சந்தேகத்தோடுதான் வருகிறார்கள். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் போட்டு வைக்கிறேன். ஐபிஎம் இந்த மெஷினை 1988-ல் சந்தைக்கு விட்டது. 2000-ல் ஐசீரிஸ், 2006-ல் சிஸ்டம் ஐ, 2008 முதல் ஐபிஎம் ஐ என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. நம் பக்கம் இன்னும் ஏஎஸ்/400 தான். கமாண்டுகளை நாம் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். திரையில் அதன் சுருக்கத்தைத் தட்டிக்கொள்ளுங்கள்.

லாக்குன்னா என்ன அண்ணே? நான் எதையும் லாக் பண்ணலியே, அப்புறம் எப்படி லாக் ஆச்சு?

நீங்கள் பூட்டவில்லை, சிஸ்டம் பூட்டியது. ஒரு புரோகிராம் ஃபைலைத் திறந்த உடனேயே அதை ஓட்டும் ஜாபின் (சிஸ்டத்தில் ஓடும் ஒரு வேலை) பெயரில் ஒரு லாக் விழுந்துவிடும். வாசிக்க மட்டும் திறந்தால் லேசான லாக், திருத்தத் திறந்தால் கொஞ்சம் கனமான லாக். ஃபைலை மூடினால் அது போகும், ஜாப் முடிந்தாலும் போகும்.

இது ஃபைல் மட்டத்தில். இதற்குக் கீழே ரெக்கார்டு (ஃபைலில் உள்ள ஒரு பதிவு) மட்டத்தில் இன்னொரு லாக் இருக்கிறது. திருத்துவதற்காக ஒரு ரெக்கார்டை வாசித்தால் அந்த ஒரு ரெக்கார்டு மட்டும் உங்களுடையது. பக்கத்து ரெக்கார்டை வேறு யாரும் திருத்தலாம். இந்த இரண்டு மட்டத்தையும் முதலில் மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். வருகிற சந்தேகங்களில் பாதி இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான்.

அஞ்சு வகை லாக் இருக்குன்னு சொல்லுதாங்களே, அஞ்சும் எதுக்கு?

ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் வேறு வண்டிக்கு இடமே கிடையாது; அதுதான் எக்ஸ்க்ளூசிவ் லாக். மற்ற நாளில் ஆட்டோவும் சைக்கிளும் ஒன்றுக்கொன்று ஒதுங்கிப் போகிறதே, அது ஷேர்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள படிகள்தான் மற்றவை.

ஷேர்டு ரீட், முழு எக்ஸ்க்ளூசிவ் தவிர எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். ஷேர்டு அப்டேட், இன்னொரு ஷேர்டு அப்டேட்டோடும் ஷேர்டு ரீடோடும் போகும். ஷேர்டு நோ அப்டேட் என்றால் 'நான் வாசிக்கிறேன், நீயும் வாசி, ஆனால் யாரும் திருத்தக்கூடாது' என்று பொருள். எக்ஸ்க்ளூசிவ் அலோ ரீட், ஷேர்டு ரீடை மட்டும் உள்ளே விடும். முழு எக்ஸ்க்ளூசிவ் யாரையும் விடாது.

நடைமுறையில் சண்டை இரண்டு இடத்தில்தான். ஆட்கள் ஆர்டர் அடித்துக்கொண்டிருக்கும் ஃபைலை சேவ் எடுக்கப் போனால் ஷேர்டு அப்டேட்டும் ஷேர்டு நோ அப்டேட்டும் முட்டும். அதே ஃபைலை கிளியர் செய்யவோ, ரீஆர்கனைஸ் செய்யவோ, காப்பி ஃபைலில் ரீப்ளேஸ் கொடுத்து எழுதவோ போனால் எக்ஸ்க்ளூசிவ் வேண்டும். அப்போது சும்மா வாசித்துக்கொண்டிருக்கிற ரிப்போர்ட் கூடக் குறுக்கே நிற்கும்.

ஒரு நேரம் "ரெக்கார்டு இன் யூஸ்"னு வருது, ஒரு நேரம் "நாட் ஏபிள் டு அலோகேட்"னு வருது. ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. மெசேஜின் எண்ணைப் பாருங்கள். சிபிஎஃப் 5027 வந்தால் ரெக்கார்டு மட்டம். ஃபைல் நன்றாகத் திறந்திருக்கிறது, நீங்கள் கேட்ட அந்த ஒரு ரெக்கார்டை மட்டும் வேறு ஜாப் பிடித்திருக்கிறது. சிபிஎஃப் 4128 வந்தால் ஃபைலைத் திறக்கவே முடியவில்லை. சிபிஎஃப் 3203 வந்தால் பெரும்பாலும் கிளியர் மாதிரி ஒரு கமாண்டுக்கு எக்ஸ்க்ளூசிவ் கிடைக்கவில்லை.

எவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு இந்த மெசேஜ் வருகிறது என்பதும் தனித்தனி. பிசிகல் ஃபைலை (டேட்டா இருக்கும் ஃபைல்) உருவாக்கும்போது நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஃபைலுக்கான காத்திருப்பு 30 நொடி, ரெக்கார்டுக்கான காத்திருப்பு 60 நொடி. திரை சரியாக ஒரு நிமிடம் உறைந்து நின்று அப்புறம் பிழை காட்டினால், மெசேஜைப் படிப்பதற்கு முன்பே அது ரெக்கார்டு லாக் என்று சொல்லிவிடலாம்.

யாரு பிடிச்சு வச்சிருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

முதலில் மெசேஜின் மேலேயே கர்சரை வைத்து ஹெல்ப் அழுத்துங்கள். 5027-ன் இரண்டாம் நிலை விவரத்தில், பிடித்திருக்கும் ஜாபின் எண், யூசர், பெயர் மூன்றும் இருக்கும். இதைப் படிக்காமலே என் இருக்கைக்கு எழுந்து வருகிறவர்கள்தான் அதிகம்.

மெசேஜ் போய்விட்டது என்றால், ரெக்கார்டுக்கு டிஸ்ப்ளே ரெக்கார்டு லாக்ஸ், ஃபைலுக்கு வொர்க் வித் ஆப்ஜெக்ட் லாக்ஸ். இரண்டாவதில் ஒரு சூட்சுமம் உண்டு: ஃபைல் ஆப்ஜெக்ட்டின் மேல் உள்ள லாக் வேறு, அதன் மெம்பர் (ஃபைலுக்குள் டேட்டா இருக்கும் பகுதி) மேல் உள்ள லாக் வேறு. முதல் திரையை மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் ஷேர்டு ரீட் தானே' என்று ஏமாந்துவிடாதீர்கள். மெம்பர் லாக் திரைக்கும் போய்ப் பாருங்கள். எஸ்க்யூஎல் பழகியவர்களுக்கு கியூசிஸ்2 லைப்ரரியில் ஆப்ஜெக்ட் லாக் இன்ஃபோ, ரெக்கார்டு லாக் இன்ஃபோ என்று இரண்டு வியூ இருக்கிறது. நிறைய ஃபைலை ஒரே நேரத்தில் பார்க்க அதுதான் வசதி.

ஜாப் கிடைத்ததும் வொர்க் வித் ஜாபில் போய் 11 போட்டால் கால் ஸ்டாக், 12 போட்டால் லாக்குகள், 14 போட்டால் திறந்திருக்கும் ஃபைல்கள். எந்த புரோகிராம், எந்த ஸ்டேட்மென்டில் நிற்கிறது என்பது 11-ல் தெரியும். யார் என்பதைவிட எங்கே நிற்கிறார் என்பதுதான் பிற்பாடு உதவும்.

நான் போய்ப் பாக்குததுக்குள்ள லாக் போயிருது. ராத்திரி ஜாப் வேற. என்ன செய்ய?

உங்களுக்காக புரோகிராமே பார்த்து வைக்கட்டும். சிஎல்லில் (கமாண்டுகளை வரிசையாக எழுதி ஓட்டும் மொழி) பிழையைப் பிடிக்க மானிட்டர் மெசேஜ் போட்டிருக்கும் இடத்தில், மறு முயற்சிக்கு முன்னால், வொர்க் வித் ஆப்ஜெக்ட் லாக்ஸை பிரிண்ட் அவுட்புட்டோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். டிஸ்ப்ளே ரெக்கார்டு லாக்ஸுக்கும் அதேபோல் பிரிண்ட் உண்டு. காலையில் ஸ்பூல் ஃபைலில் (பிரிண்டுக்குப் போகக் காத்திருக்கும் அவுட்புட்) அந்த நொடியின் நிலவரம் அப்படியே கிடக்கும்.

பிடிச்சிருக்க ஜாப்பை எண்ட் பண்ணிட்டா சோலி முடிஞ்சிரும்லா?

முடியும், சில நேரம் வாடிக்கையாளரோடு உள்ள உறவும் சேர்ந்து. அந்த ஜாப் ஒரு இன்வாய்ஸின் தலைப்பை எழுதிவிட்டு வரிகளை எழுதிக்கொண்டிருக்கலாம். கமிட்மென்ட் கண்ட்ரோல் (மாற்றங்களை மொத்தமாக உறுதி செய்வது, அல்லது மொத்தமாகத் திரும்ப எடுப்பது) இல்லாத ஃபைல் என்றால் பாதி இன்வாய்ஸ் அப்படியே நின்றுவிடும். கமிட்மென்ட் கண்ட்ரோல் இருந்தால் ரோல்பேக் ஆகும், அதாவது செய்த மாற்றம் திரும்ப எடுக்கப்படும். ஆனால் நீண்ட நேரம் ஓடிய பேட்ச் ஜாப் (திரை இல்லாமல் பின்னணியில் ஓடுவது) என்றால் ரோல்பேக்கும் நீண்ட நேரம் ஓடும், அதுவரை லாக்கும் போகாது. 'எண்ட் பண்ணியும் போகவில்லையே' என்று அடுத்த கமாண்டை அடிப்பது இந்த இடத்தில்தான்.

முதலில் அந்த யூசரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அவர் திரையைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். திரும்பி வந்து எஃப்12 அழுத்தினால் தீர்ந்தது. ஆள் கிடைக்கவில்லை என்றால் கண்ட்ரோல்டாக, போதிய டிலே கொடுத்து முடியுங்கள். இமீடியட் அதற்கு அப்புறம். எண்ட் ஜாப் அப்நார்மல் என்ற கமாண்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இமீடியட் கொடுத்து 10 நிமிடம் கழியாமல் சிஸ்டமே அதை ஏற்காது. அதிலிருந்தே அது எப்படிப்பட்ட கமாண்டு என்று புரிந்துகொள்ளலாம்.

அவங்க ஸ்கிரீன்ல சும்மா பாக்கத்தான் செய்தாங்க. பாக்கதுக்கு எதுக்கு லாக்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். நான் பார்த்த ரெக்கார்டு லாக் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து முடிந்தன.

ஆர்பிஜியில் (இந்த மெஷினில் புரோகிராம் எழுதும் மொழி) ஒரு ஃபைலை அப்டேட்டுக்கு அறிவித்துவிட்டால், அதன் மேல் போடும் ஒவ்வொரு செயினும் (கீ கொடுத்து ஒரு ரெக்கார்டை எடுப்பது) ரீடும் ரெக்கார்டைப் பூட்டும். நீங்கள் திருத்தப் போகிறீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அதே ஃபைலில் அடுத்த ரெக்கார்டை வாசித்தாலோ, அப்டேட் செய்தாலோ, அன்லாக் சொன்னாலோதான் விடும். இப்போது யோசித்துப் பாருங்கள்: செயின் போட்டு, ரெக்கார்டைத் திரையில் காட்டி, யூசர் எண்டர் அழுத்தக் காத்திருக்கிறது புரோகிராம். அவர் போனில் பேசி முடிக்கும் வரை ரெக்கார்டு பூட்டியே கிடக்கும். 60 நொடி காத்திருப்பு இதற்கு எந்த மூலைக்கு?

சரியான முறை இது. திரைக்காக வாசிக்கும்போது செயினோடு 'N' என்ற எக்ஸ்டெண்டரை (கட்டளையோடு சேர்க்கும் எழுத்து) போடுங்கள். லாக் இல்லாமல் வாசிக்கும். யூசர் எண்டர் அழுத்தியதும் இந்த முறை லாக்கோடு மறுபடி செயின் போட்டு, முதலில் வாசித்த மதிப்போடு ஒப்பிடுங்கள். நடுவில் வேறு யாரும் மாற்றியிருந்தால் 'ரெக்கார்டு மாறிவிட்டது, மறுபடி பாருங்கள்' என்று சொல்லுங்கள். மாறவில்லை என்றால் உடனே அப்டேட். ரெக்கார்டு பூட்டிக் கிடப்பது கண் இமைக்கும் நேரம்தான். ஒப்பிடுவதை மட்டும் சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிடாதீர்கள். விட்டால் லாக் பிரச்சினை போய், ஒருவர் திருத்தியதை இன்னொருவர் அழிக்கும் பிரச்சினை வரும். அதற்கு மெசேஜே வராது.

லாக்கோடு போடும் அந்த இரண்டாவது செயினில் 'E' எக்ஸ்டெண்டரையும் சேர்த்து, ஸ்டேட்டஸ் 1218 (ரெக்கார்டு பூட்டியிருக்கிறது என்று பொருள்) வருகிறதா என்று பாருங்கள். 'வேறு ஒருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்' என்று மரியாதையாகச் சொல்வது, டம்ப் எடுக்கவா என்று யூசரிடம் கேட்கும் திரையைவிட எவ்வளவோ மேல்.

வெயிட் டைமை நோமேக்ஸ் (எல்லையே இல்லாம) ஆக்கிட்டா பிழையே வராதுல்லா?

வராது. ஜாபும் வராது. பேட்ச் ஜாப் ராத்திரி முழுக்க லாக் வெயிட்டில் நிற்கும், அதன் பின்னால் ஜாப் கியூவில் மற்றதெல்லாம் நிற்கும். நேரத்தை மாற்ற வேண்டுமானால் ஃபைலில் மாற்றாதீர்கள். தேவைப்படும் ஜாபில் மட்டும் ஓவர்ரைடு போட்டு மாற்றுங்கள். திரை ஜாபுக்குச் சில நொடிகள், பேட்சுக்குச் சில நிமிடங்கள் என்பது என் வழக்கம்.

கமிட்மென்ட் கண்ட்ரோல் போட்டதுக்கு அப்புறம் லாக் ஜாஸ்தியாயிட்டு. எடுத்திரலாமா?

எடுக்க வேண்டாம், கமிட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கமிட்மென்ட் கண்ட்ரோலில் ஒரு ரெக்கார்டைத் திருத்தினால் கமிட் அல்லது ரோல்பேக் வரும்வரை அது பூட்டியே இருக்கும். அடுத்த ரெக்கார்டை வாசித்தாலும் விடாது. லாக் லெவல் ஆல் என்றால் வெறுமனே வாசித்ததும் சேர்ந்து நிற்கும். பல இடங்களில் சேஞ்ச் லெவலே போதும். ஏதோ பழைய புரோகிராமைப் பார்த்து ஆல் என்று அடித்திருப்பார்கள்.

பேட்ச் ஜாப் முழு ஃபைலையும் ஓட்டி முடித்துக் கடைசியில் ஒரே கமிட் போடுகிறது என்றால், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கமிட் என்று மாற்றுங்கள். திரை புரோகிராம் என்றால், யூசருக்காகக் காத்திருக்கும் முன் கமிட் முடிந்திருக்க வேண்டும். முந்தின கேள்வியின் அதே நியாயம்தான்.

ராத்திரி யாருமே உள்ள இல்ல, ஆனாலும் ஃபைல் கிளியர் ஆவமாட்டேங்கு. பாத்தா ஏதோ கியூஇசட்டிஏ-ன்னு ஒரு ஜாப் நிக்கி. அது யாரு?

கியூஇசட்டிஏ-எஸ்ஓ-இனிட். வெளியிலிருந்து ஓடிபிசி, ஜேடிபிசி (வெளி மென்பொருள் டேட்டாபேஸைத் தொடும் வழிகள்) வழியாக வருகிறவர்களுக்கு வேலை செய்யும் டேட்டாபேஸ் சர்வர் ஜாப். ஒரு வெப்சைட்டோ எக்ஸெல் ஷீட்டோ உங்கள் ஃபைலை வாசித்திருக்கும். வாசித்தவர் கர்சரை (திரைக் கர்சர் அல்ல, ஃபைலில் எதுவரை வாசித்தோம் என்று வைத்திருக்கும் எஸ்க்யூஎல் கர்சர்) மூடிவிட்டார். ஆனால் ஒரே ஸ்டேட்மென்ட் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்த சிஸ்டம், அடுத்த முறை வேகமாகத் திறக்கலாம் என்று உள்ளுக்குள் அதை முழுதாக மூடாமல் வைத்திருக்கும். சூடோ குளோஸ் என்பது இதைத்தான். அப்ளிகேஷன்காரரிடம் கேட்டால் 'நாங்கள் மூடிவிட்டோமே' என்பார். அவர் சொல்வது பொய்யில்லை.

இதற்காக ஜாபை எண்ட் பண்ணத் தேவையே இல்லை. அலோகேட் ஆப்ஜெக்டில் (லாக்கை நாமே கேட்டு வாங்கும் கமாண்டு) கான்ஃப்ளிக்ட் என்ற பாராமீட்டருக்கு ரிக்வெஸ்ட் ரிலீஸ் என்று கொடுங்கள். 'வேண்டாமல் வைத்திருப்பவர்கள் விடுங்கள்' என்று சிஸ்டம் அந்த ஜாபுகளுக்குச் சொல்லும், சூடோ குளோஸ் கர்சர்கள் நிஜமாகவே மூடப்படும். உண்மையிலேயே வாசித்துக்கொண்டிருக்கும் கர்சரை இது தொடாது. அப்போது அலோகேட் தோற்றுப்போகும், தோற்கத்தான் வேண்டும்.

நாங்க கிளியருக்கு முன்னாடி செக் ஆப்ஜெக்ட் போடுதோம். பத்தாதா?

பத்தாது. செக் ஆப்ஜெக்ட், ஆப்ஜெக்ட் இருக்கிறதா, உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். லாக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அப்படியே சொன்னாலும், பார்த்ததற்கும் கிளியருக்கும் நடுவில் வேறு ஒருவர் நுழைந்துவிடலாம்.

அலோகேட் ஆப்ஜெக்டில் எக்ஸ்க்ளூசிவ் கேளுங்கள், வெயிட் நேரம் கொடுங்கள், சிபிஎஃப் 1002-ஐயும் 1085-ஐயும் மானிட்டர் செய்யுங்கள். கிடைக்கவில்லை என்றால் முன்பு சொன்ன மாதிரி லாக் நிலவரத்தைப் பிரிண்ட் எடுத்துவிட்டு, டிலே ஜாப் போட்டு மறுபடி முயலுங்கள். முயற்சிக்கு ஓர் எல்லை வையுங்கள். எல்லை தாண்டினால் ஆபரேட்டருக்கு மெசேஜ் போகட்டும். வேலை முடிந்ததும் டீஅலோகேட். இரண்டு முறை அலோகேட் செய்திருந்தால் இரண்டு முறை டீஅலோகேட் வேண்டும். லூப்புக்குள் இதை மறந்து, கையில் பிடித்துக்கொண்டே அடுத்தவர்களைத் தேடுகிறவர்கள் உண்டு.

சேவ் "கம்ப்ளீட்"னு வருது. அப்புறம் ரீஸ்டோர் பண்ணப்போனா ஃபைலைக் காணோம்!

கம்ப்ளீட் என்ற வரியை முழுதாகப் படித்தீர்களா? அதிலேயே இத்தனை ஆப்ஜெக்ட் சேவ் ஆகவில்லை என்றும் இருக்கும். லாக் கிடைக்காத ஃபைலைத் தாண்டிவிட்டு சேவ் போய்க்கொண்டே இருக்கும். ஜாப் லாகில் எந்த ஃபைல் என்று பெயரோடு வரும்.

யூசர்களை வெளியே அனுப்ப முடியாத இடம் என்றால் சேவ் வைல் ஆக்டிவ் இருக்கிறது. செக்பாயிண்ட் (எந்த நொடியின் நிலையை சேவ் எடுக்கிறதோ அந்தப் புள்ளி) எட்டும்வரை மட்டும் லாக் பிடித்து, பிறகு விட்டுவிடும். அந்த லாக்குக்காக அது காத்திருக்கும் நேரம், நாம் மாற்றாவிட்டால், 120 நொடி. கமிட் போடாமல் மணிக்கணக்கில் நிற்கும் ஜாப் ஒன்று இருந்தால் இதுவும் தோற்கும்.

ரெண்டு ஜாபும் ஒண்ணை ஒண்ணு பாத்து நிக்கி. இதுக்கு என்னதான் வழி?

ஒன்று கஸ்டமர் ரெக்கார்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டாக் ரெக்கார்டைக் கேட்கிறது, மற்றது ஸ்டாக்கைப் பிடித்துக்கொண்டு கஸ்டமரைக் கேட்கிறது. காத்திருப்பு நேரம் முடிந்து ஒன்று பிழையோடு வெளியே வந்தால்தான் மற்றது நகரும். நோமேக்ஸ் வேண்டாம் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம். எல்லா புரோகிராமும் ஒரே வரிசையில் ஃபைல்களைப் பிடிக்க வேண்டும் என்று விதி வைத்தால் இது வராது.

இரண்டுமே பேட்ச் என்றால் நான் கோடைத் தொடவே மாட்டேன். இரண்டையும் ஒரே ஜாப் கியூவில் போட்டு, அந்தக் கியூவுக்கு மேக்ஸ் ஆக்டிவ் 1 என்று வைத்துவிடுவேன். ஒன்று முடிந்துதான் அடுத்தது. கெட்டிக்காரத்தனமான லாக் லாஜிக் எழுதுவதைவிட இது பல இடங்களில் நன்றாக வேலை செய்கிறது.

அக்டோபர் வரைக்கும் ஒழுங்கா ஓடுன ஜாப், நவம்பர்ல மட்டும் ஏன் அண்ணாச்சி லாக்குல மாட்டுது? யாரும் எதையும் மாத்தலியே.

கடிகாரத்தை மாற்றினார்கள். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு ஒரு மணி நேரம் பின்னால் போவார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னால் வருவார்கள். நாம் நகர்வதில்லை. காலை 10:30-க்கு இங்கிருந்து நாம் அனுப்பும் ஃபைல், கோடையில் நியூயார்க் நேரம் இரவு 1 மணிக்குப் போய்ச் சேரும். நவம்பரில் அதுவே 12 மணி. அங்கே 12 மணிக்கு அரை மணி நேரம் ஓடும் பர்ஜ் ஜாப் (பழைய ரெக்கார்டுகளை அழிப்பது) ஒன்று, கோடையில் நாம் வருவதற்குள் முடிந்திருக்கும். இப்போது நம்மோடு மோதும்.

இந்திய நேரத்துக்கு ஓடும் எதையும் அந்த மெஷினின் ஜாப் ஷெட்யூலுக்கு மாற்றுங்கள். முடியாது என்றால், பர்ஜ் முடிந்ததும் அதுவே நம் ஜாபை சப்மிட் செய்யட்டும். மணியை நம்பி இரண்டு ஜாபைப் பிரித்து வைப்பது, இரண்டில் ஒன்று என்றைக்காவது நீண்டு ஓடும் வரைக்கும்தான்.

கடைசியா ஒண்ணு. லாக் பிடிச்சிருக்க ஜாப் யாருன்னு பாத்தா, என் ஜாப் பேரே வருது! ஒரு ஜாப் தன்னையே தடுக்குமா?

தடுக்கும். அலோகேட் செய்யும் ஆப்ஜெக்ட் லாக் ஜாபுக்குச் சொந்தம். அதே ஜாபில் வேறு புரோகிராம் வந்தாலும் முட்டாது. ரெக்கார்டு லாக் அப்படியில்லை, ஃபைலைத் திறந்த அந்தப் பாதைக்குச் சொந்தம். முதல் புரோகிராம் செயின் போட்டு ரெக்கார்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது புரோகிராமைக் கூப்பிடுகிறது; அது அதே ஃபைலைத் தனியாகத் திறந்து அதே ரெக்கார்டைக் கேட்கிறது. அங்கே 1218 வந்து நிற்கும். ஒன்று, கூப்பிடும் முன் அன்லாக் செய்யுங்கள். அல்லது, திருத்தும் வேலையை ஒரே புரோகிராமிடம் விடுங்கள். ஷேர் யெஸ் போட்டு ஓபனைப் பகிர்ந்தாலும் முட்டாது, ஆனால் இரண்டு புரோகிராமும் ஒரே கர்சரில் நடக்கும்; ஒன்று நகர்த்தினால் மற்றதும் நகர்ந்திருக்கும். தெரிந்து செய்தால் சரி.

கிளியர் உங்கள் சொந்த ஜாபாலேயே தோற்றால் வொர்க் வித் ஜாபில் 14-ஐப் போட்டுத் திறந்த ஃபைல்களைப் பாருங்கள். எல்ஆர் (புரோகிராம் முழுதாக முடிந்தது என்ற குறி) ஆன் செய்யாமல் திரும்பிய புரோகிராமின் ஃபைல் மூடாமல் நிற்கும். பெயர் வைத்த ஆக்டிவேஷன் குரூப்பில் (ஜாபுக்குள் புரோகிராம்கள் ஓடும் தனிப் பகுதி) ஓடிய புரோகிராம் என்றால், அது முடிந்து நெடுநேரம் ஆனாலும் ஃபைல் திறந்தே இருக்கலாம். ரீகிளெய்ம் ஆக்டிவேஷன் குரூப் போட்டபின் கிளியர் செய்து பாருங்கள்.